கால்குலேட்டருக்குப் பொட்டு வைத்த வகுப்பு

1

இந்த வாரத்தோடு நான் இங்கே கணக்கு டீச்சராகச் சேர்ந்து ஒரு வருடம் நிறைகிறது. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் ஒரு மீன்பிடி ஊர் இது. ஆரணிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நம் பெரணமல்லூரை எடுத்து, வெயிலை மொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டு, மூன்று பக்கமும் கடலை ஊற்றினால் இந்த ஊர் வந்துவிடும். சாயங்காலம் ஆனால் கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. யார் வீட்டில் என்ன நடந்தது என்பது மட்டும் மறுநாள் காலைக்குள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஊரை விட்டு வந்த மாதிரியே இல்லை.

ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரம் பார்க்கும் என் அண்ணன் போன வாரம் போனில் கேட்டான். “ஏம்மா, அந்த வெள்ளக்காரப் பசங்களுக்கு நீ இன்னாத்த சொல்லிக்குடுத்துகினு கீற? அவங்க ஒன் பேச்ச கேக்கறாங்களா?” ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

எழுதத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே பிள்ளைகள் பேசும் ஆங்கிலம், நாம் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த ஆங்கிலம் இல்லை. பாதியை விழுங்கிவிடுவார்கள், மீதியை உருட்டுவார்கள். பேப்பர் தமிழுக்கும் நம் தெருத் தமிழுக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். அதை நான் இலக்கணமாகத் தமிழில் எழுதினால் அவர்களே மன்னிக்க மாட்டார்கள். ஆகவே இவர்கள் பேசுவதையெல்லாம் நம்மூர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். ரோரி என்கிற சிவப்புத் தலைமுடிப் பையன் “இன்னா மிஸ், பேஜார் பண்றீங்க” என்று சொன்னதாக வந்தால், அவன் சொன்னதும் ஏறக்குறைய அதுதான் என்று நம்பிக்கொள்ளுங்கள்.

2

இங்கே வருவதற்கு முன்னால் பெரணமல்லூர் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். அங்கே டீச்சர் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்று ஒரே ராகத்தில் வணக்கம் சொல்லும். பெஞ்சுகள் ஒன்றாகப் பின்னால் தள்ளப்படும் அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பாடம் நடத்தவே தோன்றும்.

இங்கே முதல் நாள் வாசலில் போய் நின்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை. சரி, பார்த்திருக்க மாட்டார்கள் என்று தொண்டையைச் செருமினேன். அப்போதும் இல்லை. எழுந்த பிறகு உள்ளே போகலாம் என்று அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்து வந்தாள். அவள் பெயர் ஐலா. மரியாதைக்கு ஒருத்தியாவது எழுந்தாளே என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

“யாரத் தேடறீங்க? ஆபீஸ் அந்தப் பக்கம் கீது.”

நான்தான் டீச்சர் என்று சொல்லி உள்ளே போய் உட்காருவதற்குள் வியர்த்துவிட்டது. இந்தக் குளிரில் வியர்ப்பது லேசான காரியம் இல்லை.

இரண்டாவது வாரம் ரோரியின் கால் பட்டு ஒரு புத்தகம் கீழே விழுந்தது. நான் என்னையறியாமல் குனிந்து எடுத்து, கண்ணில் ஒற்றி, மேஜையில் வைத்தேன். வகுப்பு அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர்கள் என்னை முதன்முதலாகக் கவனித்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு புத்தகங்கள் விழத் தொடங்கின. தினமும் விழும். ரோரியின் மேஜையில் புத்தகம் நிற்கவே நிற்காது. ஒவ்வொரு தடவையும் நான் எடுத்துக் கண்ணில் ஒற்றுவேன், அவர்கள் ஆசையாகப் பார்ப்பார்கள். இது விளையாட்டு என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. புரிந்த பிறகும் ஒற்றாமல் விட முடியவில்லை, கை கேட்காது.

ஆனாலும் வகுப்பு அமைதியாக இருக்கும். அதற்கு நான் பாடுபட்டேன். யாராவது வாயைத் திறந்தால் ஒரு பார்வை பார்ப்பேன், மூடிக்கொள்வார்கள். வசந்தகாலத்தில், கவுன்சில் கல்வி அலுவலகத்திலிருந்து திரு. கிரெய்க் என்பவர் என் பாடத்தைப் பார்வையிட வந்தார். உயரமான மனிதர், குரல் மட்டும் சின்னது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். அறிக்கை வந்தது. “வகுப்பு முழு நேரமும் மிக அமைதியாக இருந்தது. மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வியும் எழவில்லை.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தாளைப் படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அண்ணன் கடையில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் பாதுஷா வாங்கிக் கொடுத்தான். அம்மா ஆரணியிலிருந்து கூப்பிட்டு, “எங்க வூட்டுப் பொண்ணுன்னா சும்மாவா? வெள்ளக்காரன் வாயையே மூட வெச்சிட்டா பாரு” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

மறுநாள் தலைமையாசிரியை திருமதி ரீட் கூப்பிட்டார். முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி ஒரு களை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகுதான் விளங்கியது. அது புகார். இங்கே பிள்ளைகள் பேசாமல் இருந்தால் பாடம் அவர்களைத் தொடவில்லை என்று அர்த்தமாம். டீச்சருக்கும் அவர்களுக்கும் நடுவில் சுவர் இருக்கிறதாம். அக்டோபரில் திரு. கிரெய்க் மறுபடி வருவார், அப்போதும் இப்படியே இருந்தால் வேலையை நிரந்தரமாக்க முடியாது என்றார்.

இதில் என் வேலை மட்டும் இல்லை. என் வீட்டுக்காரர் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பழுது பார்க்கிறார். அவருடைய ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. எனக்கு இங்கே நிரந்தரமானால் குடும்பம் தங்கலாம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பாதுஷா சாப்பிட்டவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சொல்லாமலே விட்டுவிட்டேன்.

3

“உங்களைப் பற்றி அவர்களிடம் ஏதாவது சொல்லுங்கள். உங்கள் ஊர், உங்கள் வழக்கங்கள்” என்று திருமதி ரீட் யோசனை சொன்னார். எனக்கு அது வெட்கமாக இருந்தது. எங்கள் கணக்கு வாத்தியார் தன்னைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு வீடு வாசல் இருக்கிறது என்பதே அவரைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. பேச வேறு விஷயம் கிடைக்காமல் ஆயுத பூஜையைப் பற்றி ஆரம்பித்தேன்.

ஆரணியில் நாங்கள் இருந்த தெருவில் எப்போதும் தறிச் சத்தம்தான். பிறந்ததிலிருந்து கேட்பதால் அது காதில் விழாது. வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் கைத்தறி, விசைத்தறி எல்லாம் நின்றுவிடும். காலையில் எழுந்ததும் என்னவோ குறைகிறதே என்று காது தேடும். தறிக்குச் சந்தனம், குங்குமம். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குப் பொட்டு. தராசுக்குப் பொட்டு. கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகிற பஸ்ஸுக்கு மாலையும் வாழைக்கன்றும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவார்கள், திருஷ்டி போகும். தெரு முனையில் பூசணிக்காய் உடைப்பார்கள். வீட்டில் எங்கள் புத்தகம், பேனா எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி வைத்துவிடுவார்கள். அன்றைக்கு அதைத் தொடக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது.

ஒரு வருடமாக ஒரு கேள்வி கேட்காத வகுப்பு அது. கடைசி வாக்கியம் முடிந்ததும் கை கையாக உயர்ந்தது.

“தொடவே கூடாதா மிஸ்? நாள் முழுக்கவா?”

“மறுநாள் பரீட்ச இருந்தா?”

“இருந்தாலும்தான்.”

“வூட்டுப்பாடம் குடுத்திருந்தா?”

“அதுவும் சாமி முன்னால் போய்விடும்.”

“ரப்பரு?”

“ரப்பரும் ஆயுதம்தான்.”

“கால்குலேட்டரு? கம்ப்யூட்டரு?” இது ஐலா. அவளுக்கு எதிலும் விதி தெளிவாக இருக்க வேண்டும்.

எங்கள் அண்ணன் கடையில் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைப்பார்கள் என்றேன். ரோரி நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான்.

“ஷோக்கா கீது மிஸ் ஒங்க ஊரு. நாங்கதான் தப்பான எடத்துல வந்து பொறந்துட்டோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவர்கள் மேல் அன்றைக்கு ரொம்பப் பிரியமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் புத்தி மழுங்கி, இந்த வருடம் எந்தத் தேதியில் வருகிறது என்று அவர்கள் கேட்டதும் சொல்லிவிட்டேன்.

4

இரண்டு நாள் கழித்துத் திருமதி ரீட்டின் மின்னஞ்சல் வந்தது. திரு. கிரெய்க் பாடம் பார்வையிட வரும் தேதி. நீங்கள் ஊகித்திருப்பீர்கள், அதே தேதிதான்.

சாயங்காலம் மகளிடம் சொல்லிப் புலம்பினேன். நிலாவுக்குப் பன்னிரண்டு வயது, அதே பள்ளியில் நான் நடத்தும் வகுப்புக்குக் கீழ் வகுப்பில் படிக்கிறாள். என்னைத் தாழ்வாரத்தில் பார்த்தால் யாரோ வழிப்போக்கரைப் பார்த்த மாதிரி போவாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். தோழிகளிடம் தோசையை ஒரு வகை அப்பம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். பொங்கல், தீபாவளி எது எப்போது வருகிறது என்று தெரியாது. ஆனால் சரஸ்வதி பூஜையை மட்டும் ஒரு மாதம் முன்னாலேயே ஞாபகம் வைத்துக்கொண்டு, “அம்மா, அன்னிக்கு நான் ஹோம்வொர்க் பண்ணக் கூடாது, சரியா?” என்று சுத்தமான தமிழில் கேட்பாள். நம் பண்பாட்டில் அவள் விடாமல் கட்டிக் காப்பது அந்த ஒன்றைத்தான்.

“தேதிய மாத்தச் சொல்லேன்” என்றாள்.

“அவரு மாத்த மாட்டாருடி. இது போச்சுன்னா நாம ஆரணிக்குக் கெளம்ப வேண்டியதுதான்.”

அவள் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அம்மாவைக் கூப்பிட்டேன். “பொஸ்தகத்த தொடாத. அவ்ளோதான்” என்றாள்.

“தொடலன்னா வேல போயிடும்மா.”

“தொட்டா படிப்பே போயிடும்டி. எதுங்கறத நீயே பாத்துக்கோ.” அம்மாவிடம் நடுவழி என்று ஒன்று கிடையாது.

இதற்கிடையில் ரோரியும் ஐலாவும் என் முதுகுக்குப் பின்னால் திருமதி ரீட்டிடம் போயிருக்கிறார்கள். டீச்சரின் பண்பாட்டுக்கு மரியாதை செய்ய விரும்புகிறோம், வகுப்பில் ஒரு பூஜை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். திருமதி ரீட்டுக்குக் கண் கலங்கிவிட்டதாம். எல்லாப் பண்பாடுகளையும் மதிப்போம் என்று தாழ்வாரத்தில் ஒரு பலகை மாட்டி வைத்திருக்கிறார். வருடக்கணக்கில் யாரும் அதைச் சீண்டியதில்லை. உடனே சம்மதம் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு படிவம் அனுப்பினார். இங்கே பிள்ளைகளைப் பக்கத்துத் தெருவுக்கு அழைத்துப் போவதானாலும் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். பூஜைக்கும் வேண்டுமாம்.

கற்பூரம் என்று எழுதினேன். தீ எச்சரிக்கை மணி அடிக்கும், கூடாது என்று திரும்பி வந்தது. நிலக்கடலை என்று எழுதினேன். ஒவ்வாமை, கூடாது. தேங்காய் உடைத்தல் என்று எழுதினேன். “இதனால் ஆபத்து யாருக்கு?” என்று ஒரு கட்டம் இருந்தது. “தேங்காய்க்கு” என்று எழுதி அனுப்பினேன். அதையும் யாரோ கவனமாகப் படித்து, தேங்காய்க்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவிக்க வேண்டியதில்லை, உடைப்பவர் அணிந்தால் போதும் என்று பதில் எழுதியிருந்தார்கள். நான் படிவத்திலிருந்து தேங்காயை அடித்துவிட்டேன்.

இவ்வளவு நடந்தும், பார்வையிடுவதும் பூஜையும் ஒரே நாள் என்று திருமதி ரீட்டுக்குத் தோன்றவே இல்லை. நான் நினைவுபடுத்தப் போனேன். அதற்குள் அவர், “பிள்ளைகள் உங்களுக்காக ஏதோ செய்கிறார்கள், இதை மட்டும் கெடுத்துவிடாதீர்கள்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

5

அன்று காலை பள்ளிக்கூடத்துக் கார் நிறுத்துமிடத்தில் நுழையும்போதே எலுமிச்சம்பழ வாசனை. நிற்கும் எல்லா டீச்சர்களின் கார்களுக்கும் நான்கு சக்கரத்தின் அடியிலும் பழம் வைத்திருந்தார்கள். ஊரில் கடைக்காரர் எலுமிச்சம்பழம் தீர்ந்துவிட்டது என்று எழுதி மாட்டியிருந்த காரணம் அப்போதுதான் புரிந்தது. விகிதம் நடத்துவதற்காக நான் பக்கம் பக்கமாகத் தயாரித்த பாடக்குறிப்பைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

முன் மேஜை மேல் வகுப்பின் புத்தகங்கள் எல்லாம் கோபுரமாக அடுக்கி இருந்தன. பேனாக்கள் தனியாக. கால்குலேட்டர்கள் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் மஞ்சளாக ஒரு பொட்டு, அதன் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. கிட்டே போனேன். சந்தனத்துக்குப் பதில் மஞ்சள் கடுகு சாஸ், குங்குமத்துக்குப் பதில் தக்காளி சாஸ். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பாக்கெட் பாக்கெட்டாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். சுவரில் இருக்கும் பெரிய மின்பலகைக்கும் நெற்றியில் வைப்பது போல வைத்திருந்தார்கள்.

பூசணிக்காயும் இருந்தது. இங்கே அக்டோபரில் பேய்த் திருவிழாவுக்குப் பூசணிக்காயைக் குடைந்து கண், மூக்கு, பல் செதுக்குவார்கள். அதில் ஒன்று இளித்துக்கொண்டிருந்தது. ஆரணியில் அண்ணன் புதிதாகக் கட்டிய வீட்டின் முன் தொங்கும் திருஷ்டிப் பூசணியின் அதே முகம்.

நடுவில் ஐலா வரைந்த சரஸ்வதி. வீணை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை, ஊரில் எல்லாரும் வாசிக்கும் ஃபிடிலைக் கையில் கொடுத்திருந்தாள். அன்னத்துக்குப் பதிலாகக் கடற்பறவை. இந்த ஊரில் வெள்ளையாக இருக்கும் பறவை அது ஒன்றுதான், தெருவில் போகிறவர் கையிலிருந்து வறுவலைப் பிடுங்கித் தின்னும். படத்தில் அம்மன் காலடியில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அழுவதா சிரிப்பதா என்று முடிவு செய்யும் முன் கதவு திறந்து திரு. கிரெய்க் உள்ளே வந்தார்.

ஒரு கணம் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கடைசி பெஞ்சுக்குப் போய், நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்தார். இரண்டு வரி எழுதியிருப்பார். ரோரி எழுந்து போய் அவர் முன்னால் நின்று, ரொம்ப மரியாதையாகக் கையை நீட்டினான்.

“சார், பேனா.”

“என்ன?”

“இன்னிக்கு எழுதக் கூடாது சார். சாமி கோச்சிக்கும். நோட்டயும் குடுங்க.”

திரு. கிரெய்க் என்னைப் பார்த்தார். “இது கட்டாயமா?”

இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். வாய் வரை வந்துவிட்டது. என் வீட்டு வாடகை, நிலாவின் படிப்பு, வீட்டுக்காரரின் டிசம்பர் எல்லாம் அந்த மனிதரின் பேனாவில்தான் இருந்தது. ஆனால் வகுப்பு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொன்னது நிஜமா, சும்மா கதையா என்று அந்த முகங்கள் கேட்டன. அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

“ஆமாம்” என்றேன். “நாளைக் காலை வரைக்கும். எங்கள் ஊரில் கலெக்டரே வந்தாலும் இன்றைக்குத் தறி ஓடாது.”

அவர் பேனாவையும் நோட்டையும் கொடுத்துவிட்டார். ரோரி நோட்டுக்குக் கடுகுப் பொட்டு வைத்துக் கோபுரத்தின் உச்சியில் வைத்தான். நான் நிரந்தரமாவதற்கான ஒரே வழி அங்கே சாஸ் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பாடக்குறிப்பும் கோபுரத்தில் போய்விட்டது. பலகையைத் தொட முடியாது. என்ன நடத்துவது என்று நான் முழித்தபோது ஐலா பிரசாதத்தைத் தூக்கி வந்தாள். பொரிக்குப் பதில் சோளப்பொரி, கடலைக்குப் பதில் உலர் திராட்சை, வெல்லத்துக்குப் பதில் டாஃபித் துண்டுகள்.

“எவ்ளோ எவ்ளோ கலக்கணும் மிஸ்?”

“அம்மா எட்டு பங்கு பொரிக்கு இரண்டு கடலை, ஒரு வெல்லம் போடுவாள்.”

“திராட்ச மூணு கப்புதான் கீது.”

“அப்படியானால் பொரி எவ்வளவு?” என்று கேட்டேன். பழக்கதோஷம்.

“எட்டுதான்!” “ஏய், இல்ல, அதிகமா வரும்!” “வெரலு வுட்டு எண்ணுடா!” எழுத முடியாததால் எல்லாரும் வாயாலும் விரலாலும் போட்டார்கள். ஒருத்தன் பக்கத்தில் இருப்பவன் விரலையும் கடன் வாங்கினான். பன்னிரண்டு என்று ஒரு மூலையிலிருந்து கத்தல். டாஃபி ஒன்றரைக் கப் என்று வந்ததும் ரோரி ஒத்துக்கொள்ளவில்லை.

“ஒன்றர யாருக்குப் பத்தும்? டாஃபியும் பன்னண்டு போடு.”

“அப்டி போட்டா அது ஆரணி பொரி இல்ல, டாஃபி கட” என்றாள் ஐலா.

சத்தம் தாங்க முடியவில்லை. என் கை தானாக மேஜையைத் தட்டி அடக்கப் போனது. சாஸ் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து கையை இழுத்துக்கொண்டேன். சின்னக் குரலில் யாரோ “பதினாறு” என்றார்கள். திரு. கிரெய்க்தான். வகுப்பு மொத்தமாகத் திரும்பியது.

“சார், அது நாலு கப்பு திராட்சைக்கு” என்றாள் ஐலா, பொறுமையாக. “மறுபடி போடுங்க. அவசரமில்ல.”

அவர் விரல்களை மடக்கி மறுபடி போட்டார். பன்னிரண்டு வந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். கையில் ஒரு கப் பொரியும் கொடுத்தார்கள்.

மணி அடித்தது. திரு. கிரெய்க் கோபுரத்தைப் பார்த்தார். இன்று மாலையே அறிக்கை அனுப்ப வேண்டும் என்றார். ரோரி தலையை ஆட்டி, “நாளைக்குக் காத்தால வாங்க சார்” என்று வழியனுப்பி வைத்தான். நான் சன்னலோரம் நின்று பார்த்தேன். அவர் காருக்கு யார் எப்போது பழம் வைத்தார்களோ, கிளம்பும்போது நான்கு சக்கரத்தின் அடியிலும் நசுங்கியது.

வீட்டுக்குப் போய்ப் பரணில் இருந்த பெட்டிகளை இறக்கினேன். அம்மாவுக்கு ஐலா வரைந்த சரஸ்வதியைப் படம் எடுத்து அனுப்பினேன்.

“சாமி நல்லாதான் கீது. பக்கத்துல அது இன்னா, கோழியா?” என்றாள். பேனா பிடுங்கிய கதையையும் சொன்னேன். “ஆபீசரு கையிலேர்ந்தா புடுங்கனீங்க? சரி வுடு. நீ தொடல இல்ல? அது போதும்.” எனக்கு அது போதவில்லை. சமையலறையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

6

மறுநாள் காலை நான் போகும் முன்பே திரு. கிரெய்க் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நோட்டை எடுக்கப் போனவரை ஐலா நிறுத்தினாள். முதலில் மிஸ் எடுக்க வேண்டும் என்றாள்.

புத்தகங்களை எடுத்துக் கொடுத்தபடியே, இன்று விஜயதசமி, எடுத்தவுடன் எல்லாரும் கொஞ்சமாவது படித்தே ஆக வேண்டும் என்றேன். ரோரிக்கு இடி விழுந்துவிட்டது.

“இத நீங்க சொல்லவே இல்லியே மிஸ்! நேத்து மட்டும்னுதான சொன்னீங்க? ஏமாத்திட்டீங்க!”

முனகிக்கொண்டே படித்தார்கள். திரு. கிரெய்க்கையும் விடவில்லை. அவர் நோட்டைத் திறந்து, முந்தின நாள் எழுதிய இரண்டே வரியைச் சத்தமாகப் படித்தார். “கார் நிறுத்துமிடத்தில் எலுமிச்சம்பழங்கள். காரணம் தெரியவில்லை.”

பிறகு பேனாவைத் துடைத்துக்கொண்டு வகுப்பைக் கேட்டார். “ஐந்து கப் திராட்சை இருந்தால்?”

“இருபது பொரி, ரெண்டர டாஃபி!” கூரை அதிர்ந்தது.

“இந்தப் பாடத்தை யார் திட்டமிட்டது?”

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் வகுப்பே கத்தியது. “மிஸ்!”

“ஒரு வாரமா எங்க உயிர எடுத்துட்டாங்க சார்” என்று ரோரி சோகமாகச் சேர்த்துக்கொண்டான். ஐலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பார்வை என்னிடம் கற்றதுதான்.

திரு. கிரெய்க் நின்ற இடத்திலேயே நெடுநேரம் எழுதினார். எழுதி முடித்து என்னிடம் வந்து கை கொடுத்தார். நிரந்தரமாக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், திருமதி ரீட்டிடம் இன்றே சொல்லிவிடுகிறேன் என்றார். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு வகுப்பின் பக்கம் திரும்பினேன்.

“எதுக்குடா பொய் சொன்னீங்க?” என்று கேட்டேன். இவர்களிடம் தமிழில் கேட்கிறோம் என்பதே எனக்கு அப்புறம்தான் உறைத்தது. ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டேன்.

ரோரி தரையைப் பார்த்தான். “ஒங்க நிலா பஸ்ல சொல்லிச்சு மிஸ். இந்தத் தபா தப்பிச்சீங்கன்னா இங்கயே இருப்பீங்களாம், இல்லன்னா ஊருக்குப் போயிடுவீங்களாம். சொல்லிகினே அழுதுச்சு. பொட்டு எப்டி வெக்கறது, பழம் எங்க வெக்கறது அல்லாம் அதுதான் சொல்லிக்குடுத்துச்சு.”

நான் கையிலிருந்த புத்தகத்தை மேஜையில் வைத்தேன்.

“நாங்க அதுக்காவ மட்டும் செய்யல மிஸ்” என்றான், என் முகத்தைப் பார்த்து அவசரமாக. “ஒரு வருசமா ஒங்கள எவ்ளோ கஷ்டப்பட்டுப் பழக்கி வெச்சிகினு கீறோம் தெரிமா? வாசல்ல நிக்காம உள்ள வரதுக்கு ஒரு மாசம். சிரிக்க வெக்கறதுக்கு ஆறு மாசம். இப்பதான் கொஞ்சம் படிஞ்சி வரீங்க. நீங்க போயி புதுசா ஒருத்தங்க வந்தா மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எங்களால ஆவாது மிஸ்.”

வகுப்பு முழுக்க, ஆமாம் என்று அலுப்போடு தலையாட்டியது.

நான் சட்டென்று பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு அன்றைய கணக்கை எழுதினேன். எட்டும் இரண்டும் பதினொன்று என்று எழுதியிருக்கிறேன். ஐலா எழுந்து வந்து, என்னைப் பார்க்காமல், அதை அழித்துப் பத்து என்று திருத்திவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.